இலண்டனில் ஓர் இராப்போசனம்

ஆங்கிலேயரின் போசன மேசை என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் எழும் காட்சி ஒன்றுண்டு. வெள்ளை வெளேரென்று சீலை விரித்த நீண்ட மேசை. இடப்புறத்தில் மூன்று முள்ளுக்கரண்டிகள், வலப்புறத்தில் மூன்று கத்திகள். பின்னால் கறுப்புக் கோட்டு அணிந்து சிலைபோல் நிற்கும் பரிசாரகர். எந்த முள்ளுக்கரண்டியை முதலில் எடுப்பதென்று அறியாமல் அடுத்தவர் கையைக் கடைக்கண்ணாற் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தாளி. 2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றின் பொருட்டு நான் இலண்டன் புறப்பட்டபோது, சக ஆசிரியர்கள் எனக்குச் செய்த உபதேசங்களிற் பாதி கம்பளிச் சட்டையைப் பற்றியவை. மற்றப் பாதி முள்ளுக்கரண்டியைப் பற்றியவை.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உயர்தர வகுப்பில் என்னிடம் சரித்திரம் படித்தவர். இன்று ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம் பார்க்கிறார். இரண்டு பிள்ளைகளின் தந்தை.

"சேர், உங்களை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகவேணும். எங்கடை ஆக்களின்ரை கடைக்கில்லை, வெள்ளைக்காரரின்ரை பிஸ்ரோ ஒண்டுக்கு" என்றார்.

"நான் சைவக்காரனல்லோ, தம்பி. அங்கை எனக்கு என்ன கிடைக்கும்?"

"அதை நான் பாக்கிறன், சேர். நீங்கள் வந்தாற் போதும்."

அவர் வற்புறுத்திய தோரணையில் வெறும் உபசாரத்துக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றிற்று. அது இன்னதென்பது அன்றிரவு மேசையில் இருந்தபோதே தெரிய வந்தது.

கிழக்கு இலண்டனில் ஒரு தெரு முனையில் அமைந்திருந்தது அந்த இடம். முன்னொரு காலத்தில் பியர் விற்ற பழைய கட்டிடம். உள்ளே நுழைந்ததும் நான் சற்றுத் திகைத்தேன். மேசைச் சீலை இல்லை. கறுப்புக் கோட்டு இல்லை. மரத் தளம் பல்லாண்டு கால்கள் பட்டுத் தேய்ந்திருந்தது. நாற்காலிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. எனக்கு வாய்த்த நாற்காலி ஒரு காலத்தில் தேவாலயத்தில் இருந்ததாம். அதன் முதுகிலே, பின்னால் இருப்பவர் செபப்புத்தகம் வைப்பதற்கான மரப்பெட்டி இன்னும் பொருத்தப்பட்டிருந்தது. சமையலறையை மறைக்கும் சுவர்கூட இல்லை; அடுப்பின் சுவாலையும் சமையற்காரரின் வியர்வையும் மேசையில் இருந்தே தெரிந்தன.

எல்லாவற்றிலும் மேலாக என்னைக் கவர்ந்தது சுவரில் இருந்த கரும்பலகை. இருபது ஆண்டுகளாக வெண்கட்டியும் கையுமாக வாழ்பவனுக்குக் கரும்பலகையைக் கண்டால் வீட்டுக்கு வந்ததுபோல் இராதா? அன்றைய உணவுகள் யாவும் அதிலே வெண்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. காலையிற் சந்தையிலிருந்து எது நல்லதாக வந்ததோ அதுவே மாலையிற் பலகைக்கு ஏறும். ஓர் உணவு தீர்ந்துவிட்டால், பரிமாறும் பெண் ஈரத் துணியால் அந்த வரியைத் துடைத்துவிடுவாள். எழுத்தும் நன்றாகவே இருந்தது. ஆனால் வரிகள் வலப்புறம் போகப் போக மேலே ஏறின. எங்கள் கல்லூரியிலாயின் நான் திருத்தியிருப்பேன்.

பிஸ்ரோ என்பது பிரெஞ்சுச் சொல். பாரிஸ் நகரத் தெருக்களில் உள்ள சிறிய, மலிவான உணவுக் கடைக்குப் பெயர். 1814இல் நெப்போலியனை வென்று பாரிசுக்குள் புகுந்த இரஷ்யக் குதிரைப் படையினர் கடைக்காரரை நோக்கி, "விரைவாக" எனப் பொருள்படும் "பிஸ்த்ரா" என்ற தங்கள் மொழிச் சொல்லாற் கூவினர் என்றும், அதுவே கடைக்குப் பெயராயிற்று என்றும் சொல்லுவர். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் இச்சொல் அச்சிற் காணப்படுவது 1880களிலேதான். எழுபது ஆண்டுகள் ஒரு சொல் எங்கோ ஒளித்திருந்தது என்று சரித்திர ஆசிரியன் நம்புதல் கடினம்.

பிரெஞ்சுப் பெயர் சூடிய கடை இலண்டன் தெருவிலே வேரூன்றியது எவ்வாறு? ஆங்கிலேயரிடத்தில் வெளியார் அதிகம் அறியாத ஒரு கூச்சம் நெடுங்காலமாக இருந்தது. உலகின் பெரும்பகுதியை ஆண்ட அவர்கள், தங்கள் சமையலைப் பற்றி மட்டும் வெட்கப்பட்டார்கள். இலண்டனில் சவோய் ஹோட்டல் 1889இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டளவில் அதன் நிருவாகம் சேசர் றிற்ஸ் என்ற சுவிஸ் நாட்டவரிடமும், அடுப்படி ஒகஸ்த் எஸ்கொபியே என்ற பிரெஞ்சுக்காரரிடமும் வந்தது. பெரிய இடங்களில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியிலேயே இருந்தது. தன் நாட்டு ஆட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பிறமொழிப் பெயர் சொல்லிக் கேட்டு உண்பதே நாகரிகம் என்று ஆங்கிலக் கனவான் கருதினான். பட்டியலை வாசிக்கத் தெரியாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான். சொந்த மொழியில் சோறு கேட்கக் கூசிய காலம் நமக்கும் இருந்தமையால், அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

யுத்தம் வந்து இந்த இறுமாப்பைச் சிறிது காலம் அடக்கியது. 1940ஆம் ஆண்டு தை மாதத்தில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. 1942இல், எந்த உணவுச்சாலையும் ஒரு போசனத்துக்கு 5 சிலிங்குக்கு மேல் அறவிடலாகாது, மூன்று வகைக்கு மேற் பரிமாறலாகாது என்று சட்டம் பிறந்தது. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் தொழிலாளருக்கும் மலிவான சூடான உணவு கொடுப்பதற்காக அரசாங்கம் பொது உணவு நிலையங்களை அமைத்தது. "சமுதாய உணவூட்டு நிலையம்" என்று உத்தியோகத்தர் இட்ட பெயரைக் கண்டு முகஞ்சுளித்த சேர்ச்சில், "பிரித்தானிய உணவகம்" என்று அழையுங்கள் என்றார். 1943இல் அத்தகைய உணவகங்கள் 2,000க்கு மேல் இருந்தன; நாளொன்றுக்கு 600,000 பேருக்கு மேல் அவற்றில் உண்டார்கள். கணக்கப்பிள்ளையும் கூலியாளும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றார்கள்.

யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. யுத்த காலத்திற்கூடத் தடையின்றிக் கிடைத்த பாணுக்கு 1946 முதல் 1948 வரை அட்டை வேண்டியிருந்தது. இறைச்சிக்கான பங்கீடு ஒழிந்தது 1954ஆம் ஆண்டு ஆடி மாதம் 4ஆந் திகதியன்று. கூப்பன் கடை வாசலில் நின்ற அநுபவம் உள்ளவர்க்கு அந்தப் பதினான்கு ஆண்டுகளின் பாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வரட்சிக் காலத்தில்தான், 1950இல், எலிசபெத் டேவிட் என்ற பெண்மணி மத்தியதரைக்கடல் நாட்டுச் சமையலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். யுத்த காலத்தைக் கிரேக்கத்திலும் எகிப்திலும் கழித்தவர் அவர். எலுமிச்சை, ஒலிவ் எண்ணெய், உள்ளி என்று அவர் எழுதியவை அன்றைய ஆங்கிலக் குடும்பப் பெண்ணுக்குக் கனவில் வரும் பொருள்கள். ஒலிவ் எண்ணெய் வாங்குவதானால் மருந்துக் கடைக்குப் போகவேண்டும்; காதுவலிக்காகச் சிறிய போத்தலில் விற்பார்கள்! ஆயினும் நூல் வாசிக்கப்பட்டது. 1953இல், பிற்காலத்தில் தளபாடக் கலையிற் பெரும் புகழ் பெற்ற ரெறன்ஸ் கொன்றன் என்ற இளைஞர், இலண்டனில் ஒரு சிறு சூப்புக் கடை திறந்தார். சூப்பு, பிரெஞ்சுப் பாண், பாற்கட்டி, கோப்பி போன்ற எளியவையே. மலிவான உணவும் அழகான இடத்தில் உண்ணத்தக்கதே என்பது அவர் எண்ணம். அதே மனிதர் 1964இல் ஹபிற்றற் என்ற கடையைத் திறந்து, அந்த அழகை வீடுகளுக்கும் விற்கத் தொடங்கினார். அதன் பின்னர் வந்த பிஸ்ரோக்களிற் பல, கட்டம்போட்ட மேசைச் சீலையும் வெற்றுப் போத்தலிற் செருகிய மெழுகுவர்த்தியுமாகப் பாரிசைப் பார்த்து எழுதிய பிரதிகள். பாவம், அவற்றிலும் கூச்சம் தீரவில்லை.

கூச்சம் தீர்வதற்கு ஒரு வர்த்தகச் சட்டம் துணை செய்தது என்பதே விசித்திரம். அக்காலத்தில் அந்நாட்டிற் பியர்ச்சாலைகளிற் பெரும்பாலானவை பெரிய வடிசாலைக் கம்பனிகளின் உடைமையாக இருந்தன. 1989இல் அரசாங்கம் அந்த ஏகபோகத்தை உடைக்கக் கட்டளை இட்டது. கம்பனிகள் கைவிட்ட கட்டிடங்கள் குத்தகைக்கு வந்தன. 1991இல் மைக்கேல் பெல்பன், டேவிட் அயர் என்ற இரு நண்பர்கள், உணவுச்சாலை நடத்தப் போதிய முதல் இல்லாமையால், பாரிங்டன் வீதியில் ஈகிள் என்ற பழைய பியர்ச்சாலையை எடுத்தார்கள். குடிவகை வழங்கும் மேடைக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்தார்கள். ஒற்றை ஒற்றையாகப் பழைய நாற்காலிகளைச் சேர்த்தார்கள். உணவின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார்கள். பணமின்மையாற் செய்தவை நாடெங்கும் பாணியாகிவிட்டன. இன்றோ, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகளைத் தேடித் தேடி அதிக விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள் என்று கேள்வி. வறுமையையும் நாகரிகமாக்கி விலை கூறும் வித்தை மேல்நாட்டாருக்கு நன்றாகக் கைவந்தது.

மூன்றாண்டின் பின், 1994இல், சிமித்பீல்ட் இறைச்சிச் சந்தையின் அருகே, பன்றியிறைச்சியைப் புகையூட்டிய பழைய கட்டிடத்தில் சென் ஜோன் என்ற உணவுச்சாலை எழுந்தது. அதன் சமையற்காரர் பேர்கஸ் ஹென்டர்சன் கட்டிடக்கலை பயின்றவர். சுவருக்கு வெறும் வெள்ளை. மேசைக்குக் கடதாசி விரிப்பு. பட்டியலிலோ அலங்காரமற்ற ஆங்கிலச் சொற்கள். ஒரு மிருகத்தைக் கொன்றால் மூக்கு முதல் வால் வரை வீணாக்காமல் உண்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது அவர் கொள்கை. அங்கே பெரும் புகழ் பெற்றது சுட்ட எலும்பின் மச்சை. சைவனாகிய நான் இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை; ஆனால், ஆங்கிலேயர் தங்கள் உணவைத் தங்கள் மொழியிலேயே வெட்கமின்றிச் சொல்லத் தொடங்கியதில் அந்த இடத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது.

இனி, நாங்கள் அமர்ந்திருந்த மேசைக்கு வருவோம். பரிமாறும் பெண் வந்து, முதலில், "உங்களுக்கு ஒவ்வாத உணவு ஏதேனும் உண்டா?" என்று வினவினாள். இது வெறும் உபசார வார்த்தையன்று. 2014ஆம் ஆண்டு முதல், பதினான்கு வகையான ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் உள்ளனவா என்பதைக் கடைக்காரர் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். சைவம் ஒவ்வாமையன்று, ஆயினும் மீனும் முட்டையும் அந்தப் பதினான்கில் அடங்கும். ஆகவே சட்டம் எனக்கும் கொஞ்சம் உதவிற்று.

கரும்பலகையில் வெல்ஷ் றெயர்பிற் என்றொரு பெயர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே "வேல்ஸ் நாட்டு முயல்" என்று வழங்கியதே பின்பு இவ்வாறு மாறிற்றாம். முயல் அதில் மருந்துக்கும் இல்லை; உருக்கிய பாற்கட்டியைப் பாணிற் பூசிச் சுட்டது. நான் மகிழ்ந்து அதையே கேட்டேன். அந்தப் பெண் உள்ளே போய் விசாரித்து வந்தாள். வூஸ்ரர் சோஸ் சேர்ந்திருக்கிறதாம். அதில் நெத்திலியை ஒத்த மீன் ஊறியிருக்கும். பியரும் சேர்ந்திருக்கிறதாம். பாற்கட்டியோ, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் உறைய வைத்தது. முயலிடமிருந்து தப்பிய நான் மீனிடமும் கன்றிடமும் அகப்பட்டிருப்பேன்! அந்தச் சோசிலே நம்முடைய புளியும் சேருகிறது என்பது வேறு கதை. அதை 1837இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லீ, பெறின்ஸ் என்ற இருவரும் மருந்துக் கடைக்காரர். முட்டையில்லாக் கஸ்ரட் மாவை அதே ஆண்டில், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் செய்த அல்பிரட் பேர்ட் என்பவரும் மருந்துக் கடைக்காரர். ஒலிவ் எண்ணெயையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கிலேயரின் அடுக்களைக்குப் பாதிச் சாமான் மருந்துக் கடையிலிருந்து வந்தது போலும்.

முடிவில், உருக்கிய வெண்ணெய் வார்த்த அஸ்பராகஸ் தண்டும், அதன்பின் யேர்சித் தீவின் புதுக் கிழங்கும் அவரையினப் பச்சைப் பயறும் எனக்கு வந்தன. அஸ்பராகஸ் நம் வைத்தியர்கள் அறிந்த சாத்தாவாரியின் இனம். சித்திரை பிற்பகுதி முதல் ஆனி வரை இரண்டு மாதமே அங்கு விளையும். அந்த இரண்டு மாதமும் ஆங்கிலேயர் அதைக் கொண்டாடுவர். நான் முள்ளுக்கரண்டியைத் தூக்கினேன். மாணாக்கர் சிரித்துக்கொண்டு, "வேண்டாம் சேர், கையாலை சாப்பிடுங்கோ. இதை மட்டும் அவையளும் கையாலைதான் சாப்பிடுறது" என்றார். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு மூதாட்டி தண்டை விரலாற் பிடித்து, வெண்ணெயில் தோய்த்து, விரலையும் சூப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்லூரி உபதேசிகள் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

சுவை மிக நன்று. ஒரு தட்டு 11 பவுண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பணத்தில் நாலாயிரம் ரூபாவுக்கு மேல். மேசைச் சீலையை எடுத்துவிட்டார்களேயன்றி விலையை எடுக்கவில்லை.

மாணாக்கர் அதிகம் பேசாமல் உண்டார். சமையற்பகுதியை அடிக்கடி பார்த்தார். பின்பு, "சேர், நான் வந்த புதிதிலை ஆறு வருஷம் இப்பிடி ஒரு பிஸ்ரோவிலை வேலை செய்தனான். கோப்பை கழுவிற வேலை" என்றார்.

நான் மௌனமாக இருந்தேன்.

"பகலிலை படிப்பு. பின்நேரம் அஞ்சு மணிக்குப் போனால், எல்லாரும் ஒண்டாய் இருந்து சாப்பிட்டிட்டுத் தொடங்குவம். நடுச்சாமம் தாண்டும். அடிப்பிடிச்ச சட்டியள்தான் சேர் கரைச்சல். நான் அங்கை முதல் படிச்ச இங்கிலீசு என்ன தெரியுமோ? 'பின்னாலை! பின்னாலை!' எண்டு கத்துறது. சுடு சட்டியோடை ஒராள் பின்னாலை போகேக்கை அப்பிடிக் கத்தவேணும். ஆறு வருஷத்திலை மேசைப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. திரும்பி வாற தட்டைப் பார்த்துத்தான் ஆக்கள் என்ன சாப்பிட்டவை, எதை மிச்சம் விட்டவை எண்டு எனக்குத் தெரியும்."

அதன்பின் அவர் சிரித்தார். "சேர் ஒருக்கா வகுப்பிலை சொன்னனீங்கள். படியாட்டில் இலண்டனிலை போய்க் கோப்பைதான் கழுவவேணும் எண்டு."

சொன்னேன். ஒருமுறையன்று, ஆண்டுதோறும் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எந்த ஆசிரியர்தான் சொல்லவில்லை? இந்தப் பிள்ளை அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்து, ஆறு ஆண்டுகள் கழுவி, அதிலே தங்கையின் கல்யாணத்தையும் ஒப்பேற்றித் தன் படிப்பையும் முடித்திருக்கிறது. அவர் முகத்தைத் தேடினேன். குறை சொல்லும் குறி ஒன்றும் இல்லை. ஒரு வேடிக்கைக் கதையை நினைவூட்டியவர்போலத்தான் இருந்தார். எனக்கோ வாய் எழவில்லை. கரும்பலகையைப் பார்த்தேன். அந்தப் பெண் றெயர்பிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கணக்குச் சீட்டு வந்தது. அடியில், பரிமாறற் சேவைக்கென நூற்றுக்கு 12.5 வீதம் சேர்த்திருந்தார்கள். விரும்பாதவர் கொடாமலும் விடலாம். முன்னாளில் அந்தப் பணம் யாரைச் சேர்கிறது என்பதற்கு நியதி இல்லை. 2023இல் இயற்றப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஐப்பசி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, முதலாளி அதில் ஒரு பென்சும் எடுக்கலாகாது. முழுவதையும் தொழிலாளரிடையே நியாயமாகப் பங்கிடவேண்டும். "எங்கடை காலத்திலை கழுவிற தொட்டி வரைக்கும் ஒண்டும் வாறேல்லை. அந்தக் கடையும் இப்ப இல்லை" என்று கூறியபடி மாணாக்கர் பணத்தைச் செலுத்தினார். செலுத்திவிட்டு, கை தன் பாட்டில் அசைய, எங்கள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கத்திகளையும் கரண்டிகளையும் மேல் தட்டில் ஒரே திசையில் வைத்தார். பரிமாறும் பெண் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை; தலையை மட்டும் அசைத்தாள்.

வெளியே வந்ததும், புகையிரத நிலையத்துக்குப் போகும் நேர்வழியை விட்டு, கட்டிடத்தைச் சுற்றி ஓடும் ஒழுங்கைக்குள் என்னை அழைத்துச் சென்றார். "இந்தக் கடையளுக்கெல்லாம் பின்கதவு ஒரே மாதிரித்தான் சேர்." குப்பைப் பீப்பாக்களின் அருகே கதவு திறந்து கிடந்தது. உள்ளிருந்து நீராவி வந்தது. ஈர ஏப்பிரன் கட்டிய ஒரு பையன், கவிழ்த்த பாற்பெட்டிமேல் அமர்ந்து, இரு கைகளாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்துத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தான். எந்த நாட்டுப் பிள்ளையோ அறியேன். மாணாக்கர் அவனுக்கு இரவு வந்தனம் கூறினார். நானும் கூறினேன்.

பையன் திடுக்கிட்டு எழுந்தான். எங்களைப் பார்த்தான், பின்பு, நாங்கள் வேறு யாருக்கோ சொல்கிறோம் என்று எண்ணியவன்போலத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.